தூக்குகிறவர் சொல்லட்டும்: நடந்து ஆட ஒரு கோல்ஃப் பை

கோல்ஃப் பை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து கம்பனி, நிறம், எத்தனை பொக்கெட் என்று போகும். எடையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுவும் "லேசானது எது?" என்ற ஒற்றைக் கேள்வியாக வருகிறது. வண்டியில் ஏறிப்போய் ஆடுகிறவருக்கு அது போதும். மைதானம் முழுக்க நடந்து ஆடுகிறவருக்குப் போதாது. தராசில் லேசாக இருக்கிற பை முதுகில் லேசாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பையை யார் முதுகில் ஏற்றப்போகிறோம் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. இந்தப் பதிவில் இரண்டையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஊவாவில் அந்த மலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. பசறையிலிருந்து எல்ல போகிற சாலையில் அதன் ஓரமாகத்தான் பஸ் ஏறி இறங்கும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம், கடை, கோயில், கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாமே ஏற்றத்திலோ இறக்கத்திலோதான் இருக்கும். முதுகில் எதையாவது சுமந்துகொண்டு சரிவில் நடப்பது எங்கள் ஊரில் எல்லோரும் சின்ன வயதிலேயே பழகிக்கொள்கிற காரியம். கோல்ஃப் எனக்கு வந்தது பின்னால்தான். வேலை நிமித்தம் நுவரெலியாவில் இருந்தபோது, நண்பர் ஒருவர் அழைத்துப்போய்ப் பழக்கிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நடந்தேதான் ஆடுகிறேன். இந்த ஆட்டத்தின் முழு ருசியும் நடையில் இருக்கிறது என்று நம்புகிறவன்.

எங்கே நடக்கிறோம்?

பையைத் தேர்ந்தெடுக்கும் முன் நடக்கப்போகிற தரையைப் பார்க்க வேண்டும். நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் தொடங்கியது. பிரித்தானியப் படையின் ஸ்கொட்லாந்துச் சிப்பாய்கள் போட்ட அடித்தளம் அது. பீதுருதாலகாலையின் அடிவாரத்தில், ஊரின் நடுவே, சாலைகளையும் நீரோடைகளையும் ஒட்டி 18 குழிகள் கிடக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் மைதானம் சமதரை. அங்கே வெயில்தான் சோதனை. நுவரெலியாவில் ஏற்றம், ஈரம், குளிர் மூன்றும் சேர்ந்து சோதிக்கும். ஜனவரி, பெப்ரவரி விடிகாலைகளில் புல்லில் உறைபனி கூடப் படியும். மற்ற நாட்களில் பனித்துளி. பையைக் கீழே வைத்தால் அதன் அடிப்பாகம் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.

18 குழிகளையும் முடிக்க ஏழெட்டுக் கிலோமீட்டராவது நடக்க வேண்டும். பந்து நேரே போகாத நாளில் இன்னும் கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பையைப் பல பத்துத் தடவை தூக்கி, இறக்கி, மறுபடி தூக்குவோம். நிறையப் பேர் கவனிக்காத விஷயம் இது. சும்மா மலையேறுகிறவர் பையை ஒரு தடவை மாட்டினால் ஓய்வெடுக்கும்வரை கழற்றுவதில்லை. கோல்ஃபில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை கழற்ற வேண்டும். ஆகவே பையின் எடை எவ்வளவு முக்கியமோ, அதை மாட்டவும் கழற்றவும் எவ்வளவு சுலபம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சந்தையில் நான்கு வகைப் பைகள் இருக்கின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று செய்த பெரிய பை வெறுமையாகவே நாலரை, ஐந்து கிலோ வரும். அது நமக்கு வேண்டாம். வண்டியில் கட்டுவதற்கான பை மூன்று கிலோ அளவில் இருக்கும். மடக்குக் கால் வைத்த ஸ்டாண்ட் பை ஒன்றரையிலிருந்து இரண்டரைக் கிலோ வரை. குறைந்த மட்டைகளோடு நடப்பவர்களுக்கான ஒல்லிப் பை, சண்டே பை என்பார்கள், ஒரு கிலோவை ஒட்டி இருக்கும்.

இப்போது பைக்குள் என்ன போகிறது என்று பார்ப்போம். ஒரு டிரைவர் 300 கிராமுக்குச் சற்று மேல். அயன் ஒவ்வொன்றும் 400 கிராம் அளவு. பட்டர் அரைக் கிலோ. விதி அனுமதிக்கிற 14 மட்டைகளையும் போட்டால் ஐந்தரைக் கிலோ ஆகிவிடும். பந்து ஒன்று 45.93 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆறு பந்து கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. குடை அறுநூறு எழுநூறு கிராம். மழைக்கோட்டு அரைக் கிலோ. கையுறை, துவாய், தொலைபேசி, பிஸ்கட் என்று இன்னொரு அரைக் கிலோ. இவை எல்லாம் சேர்ந்து எட்டரைக் கிலோ. பை 2.2 கிலோ என்றால் மொத்தம் பத்தரைக் கிலோவைத் தாண்டும்.

விலை கூடிய, மிக லேசான 1.3 கிலோப் பையை வாங்கினால் மிச்சமாவது 900 கிராம். ஐந்து மட்டைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் மிச்சமாவது இரண்டு கிலோ. தண்ணீரை அரை லீற்றராக எடுத்துக்கொண்டு இடையில் நிரப்பினால் இன்னும் அரைக் கிலோ. மூன்றையும் செய்தால் பத்தரைக் கிலோ ஏழு கிலோவுக்குச் சற்று மேல் வந்து நிற்கும். அந்தக் குறைப்பில் பையின் பங்கு கால்வாசிதான். மிச்சம் எல்லாம் நாம் எதை உள்ளே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. பைக்குக் காசு செலவழிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எந்த மட்டைகளை விடுவது? டிரைவர், ஒரு ஹைபிரிட், 5, 7, 8, 9 அயன்கள், பிட்சிங் வெட்ஜ், சான்ட் வெட்ஜ், பட்டர். இந்த ஒன்பதும் போதும். உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. சமவெளியில் போவதைவிடப் பந்து சற்றுக் கூடுதல் தூரம் போகும். நீண்ட தூர மட்டைகளில் ஒன்றிரண்டு குறைந்தால் நுவரெலியாவில் பெரிய நட்டம் இல்லை. அதே அடர்த்தி குறைந்த காற்றில்தான் நம் நுரையீரலும் வேலை செய்ய வேண்டும் என்பதால், ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும்.

மட்டை எண்ணிக்கைக்கு வரம்பு வந்த கதையும் சுமையோடு சேர்ந்ததுதான். 1913இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் 20 வயது பிரான்சிஸ் வீமெட், ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை வென்றபோது அவருடைய பையைத் தூக்கியவன் எடி லோவரி என்ற 10 வயதுப் பையன். மட்டைகள் குறைவாக இருந்ததால் அந்தச் சின்னப் பையனால் தூக்க முடிந்தது. பின்னால் மட்டைகள் கூடிக்கொண்டே போய், 1930களில் லாசன் லிட்டில் போன்றவர்கள் 25க்கு மேல் கொண்டுபோனார்கள். தூக்கியவர்கள் முதுகு ஒடிந்தார்கள். 1938இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் கழகமும் 14 என்று வரம்பு கட்டின. 14 மேல்வரம்பு மாத்திரமே. அத்தனையையும் தூக்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பட்டையில் இருக்கிறது பாதி விஷயம்

எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து சுமப்பதை வெளியூரார் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்பு பிரம்பிலும் மூங்கிலிலும் பின்னிய கூடை. இப்போது பெரும்பாலும் சாக்கு அல்லது நைலோன் பை. கயிறு உச்சந்தலையில் பதியும். சுமை முதுகில் தொங்கும். இரண்டு கையும் கொழுந்துக்கு. இடுப்பில் படங்கு, மழைக்குக் கொங்காணி. படத்தில் தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்மா வேலைக்குப் போகும் முன் பழைய சேலைத் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைப்பார். அதன் மேல்தான் கயிறு. மடிப்பின் தடித்த பக்கம் முன்னால் வரக்கூடாது, நடு உச்சியில் வர வேண்டும். கயிற்றின் நீளத்தை முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார். சாக்கின் வாய் தோளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அடி இடுப்பைத் தாண்டித் தொங்காது. தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் அது பின்னங்காலில் இடித்து ஆளைச் சரிவில் தள்ளும். காலையில் சாக்கு வெறுமையாக இருக்கும்போது ஒரு முடிச்சு. நிரம்ப நிரம்ப, கயிற்றைக் கொஞ்சம் ஏற்றி இன்னொரு முடிச்சு. எடை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதுதான் அத்தனைக்கும் நோக்கம்.

இந்த முறைக்கு அறிவியல் சான்றும் கிடைத்திருக்கிறது. நேபாளத்தில் நெற்றிப் பட்டையால் மூட்டை சுமக்கிறவர்களை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தம் உடல் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான சுமையோடு மலைப்பாதையில் நடக்கிற அவர்கள், நவீன முதுகுப்பை மாட்டியவர்களைவிடக் குறைந்த சக்தியைச் செலவழித்தார்கள் என்று அளந்து காட்டினார்கள். மலையில் சுமந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்ததைக் கருவிகள் பின்னால் வந்து ஒப்புக்கொண்டன.

கோல்ஃப் பையைத் தலையில் மாட்டுங்கள் என்று சொல்லவரவில்லை. அம்மா பார்த்த அதே மூன்று விஷயங்களைப் பையின் பட்டையிலும் பாருங்கள்.

ஒன்று, எடை எங்கே பதிகிறது. ஒற்றைப் பட்டை வைத்த பை முழு எடையையும் ஒரு தோளில் போடும். உடம்பு மறுபக்கம் சாய்ந்து சமப்படுத்தும். மூன்றாவது குழி தாண்டியதும் இடுப்பில் தெரியும். 1990களின் தொடக்கத்தில் இஸ்ஸோ என்ற அமெரிக்கர் இரண்டு தோளிலும் மாட்டுகிற இரட்டைப் பட்டையைக் கொண்டுவந்தார். நடந்து ஆடுகிறவர்களுக்கு அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய நன்மை வேறொன்று வரவில்லை. ஏழு எட்டு மட்டையோடு ஒல்லிப் பை தூக்குகிறவருக்கு ஒற்றைப் பட்டை சரி. அதற்கு மேலே இரட்டைப் பட்டைதான்.

இரண்டு, பட்டையின் அகலமும் மெத்தையும். கையில் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் மெல்ல எழும்புகிற மெத்தை நல்லது. பஞ்சு போல உடனே அமுங்கிவிடுவது ஒரு பருவத்திலேயே தட்டையாகிவிடும். தோளில் பதிகிற இடம் நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும்.

மூன்று, நீளத்தைச் சரிசெய்யும் வசதி. நான்கு முனையிலும் தனித்தனியாகச் சரிசெய்யக்கூடிய பட்டையை வாங்குங்கள். சரியாக மாட்டினால் பை முதுகுக்குக் குறுக்கே, மட்டைத் தலைப் பக்கம் சற்று உயர்ந்து, இடுப்பு எலும்புக்கு மேலே நிற்கும். கையால் பிடிக்காமல் விட்டாலும் சாயக்கூடாது. சாய்ந்தால் பட்டையின் நீளம் தவறு, அல்லது தண்ணீர்ப் போத்தல் தவறான பக்கத்தில் இருக்கிறது. போத்தல், பந்து போன்ற பாரமான சாமான் முதுகை ஒட்டிய பொக்கெட்டில் வர வேண்டும். வெளி ஓரத்தில் தொங்கக்கூடாது. முதுகில் படுகிற பக்கத்தில் காற்றுப் போகிற வலைத்துணி மெத்தை இருந்தால் வியர்வை தங்காது.

காலும் துணியும் வாயும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஸ்கொட்லாந்தில் கோல்ஃப் பை என்ற சாமானே வழக்கத்தில் இல்லை. பை தூக்குகிற கெடி, மட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். ஈரத்தில் பிடி நனையாமல் இருக்கத்தான் பை வந்தது. 1890களிலேயே மரக்கால் வைத்து நிற்கிற ஒரு பையைச் செய்து 'தானியங்கிக் கெடி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்று நாம் காண்கிற, அடியை அழுத்தினால் தானே விரிகிற மடக்குக் கால் 1980களில் சன் மவுன்டன் என்ற அமெரிக்கக் கம்பனி வழியாகப் பரவியது.

கால் தேவையா என்று கேட்பவர்களுக்கு: ஈரமான மலைமைதானத்தில் தேவை. காலில்லாத பையை ஒவ்வொரு தடவையும் தரையில் கிடத்தி, குனிந்து எடுக்க வேண்டும். சில நூறு கிராம் மிச்சம் பிடித்து, பல பத்துத் தடவை இடுப்பை வளைப்பது லாபம் இல்லை. வாங்கும்போது பையைச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். கடையின் சமதரையில் எல்லாப் பையும் நிற்கும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் விரிகின்றனவா, காலின் நுனியில் ரப்பர் இருக்கிறதா, தூக்கியதும் ஒட்டி மடங்குகின்றனவா என்று பாருங்கள். சரிவில் நிறுத்தும்போது கால் இறக்கத்துப் பக்கம் இருக்கட்டும்.

துணி விஷயத்தில் நைலோன் லேசு, விலை கூடியது. பொலியெஸ்டர் கொஞ்சம் பாரம், ஆனால் உழைக்கும். இரண்டில் எதுவானாலும் உட்பக்கம் நீர் புகாத பூச்சு இருக்க வேண்டும். ஊவாவிலும் மலைநாட்டிலும் ஆடுகிற நாங்கள் இதைத் தள்ளிவைக்க முடியாது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்தைப் போட்டுத் தாக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நமுனுகுலப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காயும்; அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனை ஏறுகிறது. அதே மாதங்களில் மலைத்தொடரின் மறுபக்கம், நுவரெலியாவில், தென்மேற்கு மழைத்தூறல். வீட்டிலிருந்து வெயிலில் கிளம்பி மழையில் ஆடுவோம். பூச்சு இல்லாத துணியும் மெத்தையும் நீரைக் குடித்துவிட்டால், கடையில் 1.5 கிலோ என்று வாங்கிய பை பத்தாவது குழியில் அந்த எடையில் இருக்காது. பையின் வாயை மூடுகிற மழைத்தொப்பி சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லா சிப்பையும் திறந்து, தலைகீழாகச் சாய்த்துக் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில், காற்றோட்டத்தில்.

வாயின் பிரிப்பு எத்தனை? 14 மட்டைக்கும் தனித்தனி அறை வைத்த பை பார்க்க அழகு. அடிவரை போகிற ஒவ்வொரு தடுப்புத் துணியும் எடை. ஒன்பது மட்டைக்கு நான்கு பிரிப்புத் தாராளம். பொக்கெட்டும் அப்படியே. ஐந்தாறு இருந்தால் போதும்; கூடுதலாக இருந்தால் அதற்குள் ஏதாவது போட்டு நிரப்புவோம்.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பதுளையிலிருந்தோ தெமோதரையிலிருந்தோ ரயிலேறி நானுஓயாவில் இறங்கலாம்; பண்டாரவளை, வெலிமடை வழியாக பஸ்ஸிலும் போகலாம். இரண்டிலும் பெரிய பையை வைக்க இடம் கிடைக்காது. ஒல்லியான பை முழங்காலுக்கு இடையில் நிற்கும். பக்கத்து இருக்கைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

புதிய பையின் விலை பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. பழையது வாங்குவதில் தவறில்லை. பட்டை பையோடு சேர்கிற தையலை இழுத்துப் பாருங்கள். முதலில் பிய்வது அங்கேதான். காலின் மேல் மூட்டை அசைத்துப் பாருங்கள். அடித்தட்டு வெடித்திருந்தால் வேண்டாம். தையலும் சிப்பும் போனால் பிரச்சினை இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் பை தைக்கிற கைதேர்ந்தவர்கள் ஒரே நாளில் சரிசெய்து தருவார்கள். வாங்கும் முன் உங்கள் மட்டைகளையும் ஒரு லீற்றர் தண்ணீரையும் போட்டு, மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போதுதான் பையின் குணம் தெரியும்.

தள்ளுவண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நீல் வோல்கோடாஃப் என்பவர் எட்டு ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். 9 குழிக்குத் தாமே பை தூக்கியவர்கள் சராசரி 721 கலோரியும், தள்ளுவண்டியோடு நடந்தவர்கள் 718 கலோரியும், கெடியிடம் கொடுத்து நடந்தவர்கள் 613 கலோரியும், மோட்டார் வண்டியில் போனவர்கள் 411 கலோரியும் செலவழித்தார்கள். மதிப்பெண் மிக நன்றாக வந்தது தள்ளுவண்டிக்காரர்களுக்கு; மோசமாக வந்தது தாமே தூக்கியவர்களுக்கு. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் முதுகில் பாரம் இருந்தால் கை தளரும் என்பது அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது. முதுகுவலி இருக்கிறவர்கள் தள்ளுவண்டிக்கு மாறுவதே நல்லது.

யார் முதுகு?

இனி, இந்தப் பதிவை எழுத என்னை உட்காரவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இலங்கையிலும் இந்தியாவிலும் நடந்து ஆடுகிற பெரும்பாலானோர் பையைத் தாமே தூக்குவதில்லை. கெடி தூக்குகிறார். நுவரெலியாவில் எனக்குப் பலமுறை பை தூக்கிய ஓர் அண்ணன் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். பையைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் மட்டைகளைப் பார்ப்பதில்லை. பட்டையைத் தளர்த்தி, தன் அளவுக்கு இழுத்து, ஒரு தடவை தோளைக் குலுக்கிப் பார்ப்பார். பிறகு பக்கப் பொக்கெட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதுகுப் பக்கத்துக்கு மாற்றுவார். அம்மா கயிற்றில் முடிச்சைச் சரிசெய்தது போலவே இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

"அண்ணே, எந்தப் பை உங்களுக்குத் தோது?"

"தம்பி, பை எதுன்னாலும் தூக்கிருவேன். உள்ள கெடக்கிறதத்தான் கொறைக்கணும். ஆடுறவங்க பாதி ஸ்டிக்க வெளியில எடுக்கவே மாட்டாங்க. நான்தான் பதினெட்டு குழிக்கும் அத சொமந்துக்கிட்டு வருவேன்."

எடையைத் தீர்மானிக்கிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர். மேலே போட்ட கணக்கை இந்த இடத்தில் திரும்பிப் பாருங்கள். பத்தரைக் கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய தோளில் விழுகிறது. அவர் மறுநாளும் இன்னொருவர் பையைத் தூக்க வேண்டும். நமக்கு அது வாரத்தில் ஒரு நாள் பொழுதுபோக்கு. அவருக்கு அதுதான் தொழில், அந்த முதுகுதான் முதல்.

கெடிகளின் கையில் இந்த ஆட்டத்தின் அறிவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு வரலாறு சாட்சி. டெல்லியில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்திய ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். பெங்களூரில் கெடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பை தூக்கியவர்கள் ஆட்டத்தை அருகில் நின்று படித்தவர்கள். பையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது கடைக்காரருக்குத் தெரியாது. பை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்கள்தான்.

இதையே மலையிலும் பார்க்கிறேன். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குப் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் இலக்கு இருக்கிறது. நாளில் இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கும். ஆக ஒவ்வொரு தடவையும் மடுவத்துக்கு அவர் இறக்கிக்கொண்டு வருவது ஒரு கோல்ஃப் பையின் எடை. ஈரக் கொழுந்தென்றால் இன்னும் கூடும். நிறுக்கும்போது சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்துவிடுவார்கள். அந்தச் சாக்கையும் அந்த ஈரத்தையும் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது அவர் முதுகுதான். அதற்குக் கணக்கு இல்லை.

ஆறேழு கிலோ சாமானோடு நான்கு மணி நேரம் நடக்கப்போகிறவருக்காக உலகத்தில் எத்தனை கம்பனிகள் மூளையைக் கசக்குகின்றன! நான்கு முனைப் பட்டை, வலைத்துணி மெத்தை, இடுப்பில் பதிகிற வளைவு, நீரைக் குடிக்காத துணி. இந்த அறிவில் ஒரு பங்கு எங்கள் மலைக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்? ஆண்டு முழுக்க, எட்டு மணி நேரம், சரிவில் நிற்கிற பெண்ணுக்கு இன்றும் ஒரு சாக்கும் ஒரு கயிறும்தான். மெத்தை, பழைய சேலைத் துண்டு. தோள்பட்டை, கழுத்து, இடுப்பு என்று லயத்துக்கு லயம் வலியோடு இருக்கிற அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீர் புகாத நைலோனும் அகலமான பட்டையும் கொண்ட, அரைக் கிலோவைத் தாண்டாத ஒரு கொழுந்துப் பையைச் செய்வது பெரிய காரியமே இல்லை. அதைச் செய்கிறவர் முதலில் மலைக்கு வந்து, நிரையில் நிற்கிற பெண்களிடம் மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தலைக்கயிறு வேண்டுமா, தோள்பட்டை வேண்டுமா, இரண்டும் சேர்ந்து வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். வெளியிலிருந்து ஒருவர் வரைந்து அனுப்புகிற பை, சரிவில் காலை இடிக்கிற பையாகத்தான் இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை இது. நடந்து ஆடுகிறவர்கள் ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள், இரட்டைப் பட்டை, நான்கு பிரிப்பு, மடக்குக் கால், நீர் புகாத துணி உள்ள ஒரு ஸ்டாண்ட் பையை எடுங்கள். ஒன்பது மட்டை, நான்கைந்து பந்து, அரை லீற்றர் தண்ணீர் போடுங்கள். வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எட்டுக் கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். கெடியிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், முதல் குழிக்கு முன் பையைத் திறந்துவைத்து, "அண்ணே, எதெல்லாம் வேண்டாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எடுத்து வைத்துவிடுங்கள். குடையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீரோடு அவருக்கும் தண்ணீர் வாங்குங்கள்.

கழகங்களை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மட்டைக்கு 14 என்று வரம்பு இருப்பது போல, கெடி தூக்குகிற பைக்கும் கிலோவில் ஒரு வரம்பு வையுங்கள். ஆட்டம் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தராசு போதும். எங்கள் தோட்டங்களில் நூற்றைம்பது ஆண்டாகத் தராசு இருக்கிறது. அது கொழுந்தை மட்டும்தான் நிறுத்திருக்கிறது. சுமக்கிறவருக்காகவும் தராசைத் தூக்கிப் பிடிக்கிற நாள் வர வேண்டும். அது மைதானத்தில் தொடங்கினாலும் சரி, மலையில் தொடங்கினாலும் சரி.